அரிசி மூட்டை

“வெங்காயம் கருகுது. அடுப்பக் குறைங்க.”

உள்ளறையிலிருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது. செல்லச்சாமி போனில் ஓடிய சமையல் வீடியோவை நிறுத்திவிட்டு அடுப்பைக் குறைத்தார்.

“இருந்த இடத்துல இருந்தே நல்லா அதிகாரம் பண்ணுதெட்டி.”

“நேத்து வச்ச சாம்பார் மாதிரி இதுவும் ஆயிரக் கூடாதுல்லா.”

குழம்பு கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மூலையில் கிடந்த அரிசி மூட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வழக்கம்போல வீட்டுக்குள்ளேயே நடந்தார். முழங்கால் வலித்தது.

“இந்த வயசுல உடம்பத் தேத்தி என்ன செய்யப் போறீங்க? பொண்ணு பாக்கப் போறீங்களா?”

“ஆமா, பாத்து வச்சிருக்கேன்.”

கோயில் ஒலிபெருக்கியில் ஆடித்தபசுத் திருவிழாக் கொடியேற்றம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். செல்லச்சாமி மூட்டையை இறக்கினார். அடுப்பை அணைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனார்.

“கொடி ஏத்தியாச்சு. வா, போவோம்.”

“எங்க?”

“என் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா ஆடித்தபசுக்குக் கோயிலச் சுத்துதேன்னு நேந்தது நீதானே? அதுக்குள்ள உனக்கு வாதம் வந்து காலு விழுந்துட்டு. நான் தூக்கிட்டுச் சுத்துதேன்.”

வள்ளித்தாய் வாசல் பக்கம் பார்த்தாள்.

“ஊரே பாக்குமே.”

“பாக்கட்டும்.”

குனிந்து கட்டிலிலிருந்து அவளைத் தூக்கினார். அவர் பயந்த அளவுக்கு அவள் கனக்கவில்லை. ஒரு வருசப் படுக்கையில் அவ்வளவு வற்றியிருந்தாள்.

வள்ளித்தாய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“ரொம்பக் கனக்குதேனா?”

“ஆமாட்டி,” என்றார் செல்லச்சாமி. “மூட்டையே தேவல.”