கொட்டிய பை

தன் மோதிரத்தைக் காணோம் என்றதும் சுகுணா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலையின் பையைப் பிடுங்கிக் கூடத்தில் தலைகீழாகக் கொட்டினாள். சீப்பு, மாத்திரை அட்டை, துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்த நாப்கின், எல்லாம் சிதறின. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

“போலீஸைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்” என்றாள் அஞ்சலை.

அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த சுகுணாவின் கணவர், மாவோடு கல்லில் விழுந்த மோதிரத்தைத் தோசைத் திருப்பியில் ஏந்தி வந்தார். நேற்று உப்புப் போட்டுக் கையால் மாவு கரைத்தது சுகுணாதான்.

“சரி சரி, எடுத்துக்கிட்டுக் கிளம்பு” என்றாள் சுகுணா.

அஞ்சலை குனியவில்லை. காலிப் பையை மட்டும் வாங்கி விரித்துப் பிடித்தாள்.

“கொட்டுன கையாலேயே அள்ளிப் போடுங்கம்மா.”

வாசலில் யாரும் நகரவில்லை. அஞ்சலை பையின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்தாள்.