வாய்க்குள் பிள்ளைகள்

தன் இனத்தில் மிஞ்சிய கடைசி ஆண் மீன் அது. வாய்க்குள் குஞ்சுகளை வைத்துக் காப்பதால் பத்து நாளாக இரை எடுக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த வேறு இன மீனோடு கூடிப் பிறந்த கலப்புக் குஞ்சுகள். அவற்றை அகற்றிவிட்டு, தன் இனப் பெண் மீனோடு அதைச் சேர்க்கவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பண்ணை ஆய்வாளர் பூங்கோதை இடுக்கியோடு நின்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டா இந்த மீன் பட்டினியில செத்துருமுங்க."

"குஞ்செல்லாம் அதோடதுதானே புள்ள?" என்றான், உடன் வேலை செய்யும் கணவன்.

"அதோடதுதான். ஆனா அந்த இனமில்லீங்க."

"நம்ம பாப்பா பொறந்தப்ப எங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு," என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்குள் கைவிட்டு மீனை ஏந்தினாள். வாய் தானாகத் திறந்தது. ஒரே ஒரு குஞ்சு வெளியே வந்து, அவள் விரலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனது. செவுள் அசைய, மீனின் வாய் திறந்தே இருந்தது; இடுக்கியை அவள் உள்ளே விடவில்லை.