ட்யூப்லைட்டின் சட்டைப் பை

"சார், அவன் சட்டைப் பையில எதுவோ சிவப்பா எரியுது."

டெலிபோன் அக்கா மேனேஜரின் காதருகே வந்து கிசுகிசுத்தாள். பார்சல் கிடங்கில் காலைக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது.

மேனேஜர் ஓரக்கண்ணால் பார்த்தார். மூலையில் நின்ற ட்யூப்லைட், பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து எதையோ அழுத்தினான். சிவப்பு அணைந்தது. பேசுவதைப் பதிவு செய்கிற பேனா!

ட்யூப்லைட் என்று பெயர் வைத்ததே மேனேஜர்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எதைச் சொன்னாலும் ஒரு நிமிடம் விழித்துவிட்டுத்தான் எரிவான். புரொபேஷன் முடிந்ததும் 'ஆள் மந்தம், வேண்டாம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவதாக முடிவே செய்திருந்தார்.

மேனேஜரோ மூச்சு விடாமல் உத்தரவு போடுகிறவர். "மூணாம் வண்டிக்கு மருந்து, அஞ்சுக்குக் கண்ணாடி, இரும்பு அடியில, நேத்து ரிட்டர்ன் மேல, ம், கிளம்பு கிளம்பு!" எல்லாரும் தலையாட்டுவார்கள். சாயங்காலம் கண்ணாடி மேல் இரும்பு உட்கார்ந்திருக்கும், மருந்து பொம்மைக் கடைக்குப் போயிருக்கும். டெலிபோனில் வாங்கிக் கட்டிக்கொள்வது அக்கா.

"தலைமை ஆபீஸ் ஆளா இருப்பானோ சார்? ஒவ்வொரு கிளைக்கும் ரகசியமா ஆள் அனுப்பிக் கண்காணிக்கப் போறோம்னு சர்க்குலர் வந்துச்சே, பாக்கலையா?"

"அதையெல்லாம் எவன் உக்காந்து படிக்கிறது?"

மேனேஜருக்குக் காகிதம் என்றாலே அலர்ஜி. அவர் மேஜையில் பிரிக்காத கவர்கள் குவிந்து கிடக்கும். அதில் ஒரு பழுப்புக் கவர், காபிக் கோப்பையைத் தாங்கும் பொறுப்புக்கே உயர்ந்துவிட்டது. அவருடைய சொந்தப் பதவி உயர்வுதான் தலைமை ஆபீசில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாம் வண்டிக்கு, மருந்துப் பெட்டி." மேனேஜர் நிறுத்தி, ட்யூப்லைட்டின் சட்டைப் பையைப் பார்த்தார். "புரிஞ்சுதா? சந்தேகம் இருந்தா கூச்சப்படாம கேளுங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னார். சொன்னதைப் பலகையிலும் எழுதிப் போட்டார், பின்னால் யாரும் பேச்சைத் திரித்துவிடக் கூடாதே!

"சார், ரெண்டாவதை இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றான் ட்யூப்லைட்.

எப்படி நைசாக வாயைக் கிளறுகிறான் பார் என்று மேனேஜருக்கு வேர்த்தது. "தாராளமா தம்பி" என்றார்.

அன்றிலிருந்து ட்யூப்லைட், தம்பி ஆனான். "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் சார்" என்றால், "அவசரமே இல்லை தம்பி, மெதுவா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அக்காதான் பிரித்துப் படித்தாள். "இந்த மாதம் ஒரு பார்சல்கூட இடம் மாறவில்லை. பாராட்டுகள்னு போட்டிருக்கு சார். அதான் போன் அடிக்கவே மாட்டேங்குது. ரிப்பேர்னு நினைச்சு ஆளை வரச் சொல்லிட்டேன்."

"தம்பி நம்மளைப் பத்தி மேல நல்லபடியா சொல்லியிருக்கான்மா!" மேனேஜர் பூரித்துப் போனார்.

அந்தச் சூட்டிலேயே, 'மின்னல் மூளை. உடனே நிரந்தரமாக்கவும்' என்று எழுதி, முத்திரை குத்தி, தபாலில் சேர்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"உன் வேலை நிரந்தரம் தம்பி. நம்ம விஷயத்தையும் மேல கொஞ்சம் பாத்துச் சொல்லு."

ட்யூப்லைட் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனியில துரத்திட்டாங்க சார். வேகமா சொன்னா எனக்கு ஏறாது. காலேஜ்ல ஒரு மேடம்தான் பாடத்தைப் பதிவு பண்ணிக்கோன்னு விட்டாங்க. வீட்டுல நாலு தடவை போட்டுக் கேட்டுத்தான் பாஸ் பண்ணேன். இங்கேயும் அப்படித்தான்."

"வீட்டுலயா? அப்ப தலைமை ஆபீஸ்?"

"அது எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது சார்."

இப்போது மேனேஜர் விழித்தார்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிப் போடுங்க, யோசிக்க நேரம் குடுங்க, பதிவு பண்ணிக்க விடுங்கன்னு சேர்ந்த அன்னைக்கே லெட்டர் குடுத்தேன். 'சரி சரி, செஞ்சுக்கோ'ன்னு வாங்கி வச்சீங்க. முதல் மாசம் ஒண்ணும் மாறல. அப்புறம் நான் கேட்டது ஒண்ணு விடாம செஞ்சீங்க. இந்தக் காலத்துல யார் சார் ஒரு லெட்டரை இவ்வளவு அக்கறையா படிக்கிறாங்க?"

மேனேஜரின் கை தானாகக் காபிக் கோப்பையைத் தூக்கியது. அடியில் பழுப்புக் கவர் இருந்தது. அதன் மேல் மூன்று மாதக் காபி வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தது. கவரின் ஒட்டிய வாய் ஒட்டியபடியே இருந்தது.

ட்யூப்லைட் கவரைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். மறுபடி கவரைப் பார்த்தான். ஒரு நிமிடம் ஆயிற்று. எரிந்தது.

"அவசரமே இல்லை சார், மெதுவாப் படிங்க."