தெருமுனை வரை

கலியமூர்த்தி வேகமாக ஓட்டிப்போய்த்தான் லாரியில் மோதிச் செத்தார் என்று ஊரே பேசியது. அவர் மெதுவாகத்தான் போனார் என்பதை வாசலில் நின்று பார்த்தவள் அவர் மனைவி மங்கையர்க்கரசி ஒருத்திதான். அதை எழுதிவைக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

“இந்த சாஃப்ட்வேர்ல கடிகாரம் தெரியாது, வாட்ஸ்அப் வராது. உங்க கவனமே கலையாது பெரியம்மா,” என்றாள் தங்கை மகள் தேன்மொழி.

“கலைக்கிறதுக்கு இனிமே இந்த வீட்ல யாருடி இருக்கா?”

“ஆனா கை நின்னா எழுதினது மொத்தமும் அழிஞ்சிடும். நிறுத்தாம எழுதணும்.”

எழுதினாள். அவர் வண்டிச் சாவியைத் தேடினார். பாதிக் காப்பியை வைத்துவிட்டு, மத்தியானம் வத்தக்குழம்பு வை என்று சொல்லிக் கிளம்பினார். வண்டி மெதுவாகத் தெருமுனையை நெருங்கியது. லாரியின் முகப்பு தெரிந்ததும் அவள் விரல்கள் நின்றுவிட்டன. எழுத்துகள் மங்கி, திரை வெளுத்தது. மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தாள்; ஒவ்வொரு முறையும் அதே இடம்தான்.

“வேற ஒண்ணு போட்டுத் தரேன் பெரியம்மா. அது தானாவே சேமிச்சு வச்சுக்கும்.”

“வச்சு? ஊரு படிச்சிட்டு மாத்திப் பேசப்போகுதாக்கும். இதுவே இருக்கட்டும்.”

வெற்றுத் திரையில் அவர் மறுபடியும் சாவியைத் தேடத் தொடங்கினார்.