கை படாத ரோஜா

ஜொகூர் பாருவில் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அம்பிகைபாகன், காலையிலேயே பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றார். அவருடைய தோட்டம் ஒரு பாய் அகலம். அதில் ஒரே ஒரு செடி.

“என்ர மஞ்சள் ரோசாவைப் பாருங்கோ. ஒரு பூவும் இல்லை!”

“சத்தியமா நான் தொடலைங்க, கிராணியாரே.”

“எனக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடியமுன்னம் கத்தியோட வந்து, பூவைத் தண்டோட வெட்டிக்கொண்டு போறதை யன்னலுக்குள்ளாலை பாத்தனான்.”

அவள் தலைகுனிந்தாள். “சாமிக்குத்தாங்க. சாமிக்கு எடுத்தா திருட்டு இல்லைன்னுவாங்க. ஆனா ரெண்டு மாசமா வரவே இல்லீங்க. இப்ப எங்க வீட்டுலயே அரளி பூக்குது.”

“அதைத்தான் கேக்கிறன்! ஏன் வாறேல்லை? நீங்கள் வெட்டாம விட்ட பிறகு ஒரு மொட்டும் வைக்கேல்லை. ‘நட்டதோட சரி, தானாப் பூக்குது’ எண்டு எங்கட வெள்ளைக்காரத் துரையின்ர பெண்சாதி, துரைசானிக்குச் சொல்லிப்போட்டன். அவ அடுத்த மாசம் பாக்க வாறா!”



“வர்றேன். ஆனா நான் தண்டை வெட்டுறப்ப நீங்க ‘திருடி, திருடி’ன்னு கத்தணும்.”

“ஏன்?”

“இல்லேன்னா என்னை உங்க வீட்டுத் தோட்டக்காரின்னு தெருவுல பேசுவாங்க.”