அலை உடையும் இடம்

நண்டென்றால் நீந்தும் என்று பலர் நம்புகிறார்கள். இது மிகவும் வருந்தத்தக்க பிழை. தரைநண்டைக் கடலில் போட்டால் கல்லைப்போல மூழ்கிச் சாகும். ஆமைக்கு இது நன்றாகவே தெரியும்.

தீவில் அதன் முட்டைகளை எலிகள் தோண்டித் தின்றன. எலிகளோடு சண்டையிட எதிர்க்கரை நண்டுகளால்தான் முடியும். அதனால் ஆமை அவற்றை முதுகில் ஏற்றிப் போகும். ஆனால் மணலில் உரசி ஓட்டில் கீறல் விழும் என்று, தீவுக்கு முன்னால் அலை உடையும் இடத்திலேயே அவற்றைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிவிடும். போன முறை ஏறியவை ஒன்பது. கரை சேர்ந்தவை இரண்டு.

இந்த முறை எதிர்க்கரைப் பாறையிலிருந்து ஏறி உட்கார்ந்ததும் மூத்த நண்டு சொன்னது: "மணல்வரை கொண்டுவிடு, அக்கா."

"கடல் என் பொறுப்பு. கரை உங்கள் பொறுப்பு," என்றது ஆமை.

"முட்டையிட மட்டும் மணலில் தவழ்ந்து போகிறாயே! அப்போது ஓட்டில் கீறல் விழாதா?"

"அது என் சொந்த வேலை. முதுகில் ஏறிய சுமை எனக்கு வழி சொல்ல வேண்டாம்."

"சுமையா?" என்றது நண்டு. "கடலடியில் கிடக்கிறானே என் தம்பி, அவனும் சுமையா? இறங்குங்கடா எல்லாரும்!"

நண்டுகள் பாறைக்கே இறங்கின. "நன்றி கெட்ட கூட்டம்," என்று சொல்லிவிட்டு ஆமை தனியே நீந்திப் போனது.

அந்தப் பருவத்தில் தீவிலிருந்து ஓர் ஆமைக்குஞ்சும் கடலுக்கு வரவில்லை.