மூடாத கண்கள்

"ரிம்மா லவோவ்னா, வீடியோ எடிட்டிங் கத்துக்க வந்த பசங்களுக்கு நீங்க மோன்டாஜ் தத்துவம் நடத்துறீங்க. வகுப்பே தூங்குதாம். அடுத்த வருஷம் இந்தப் பாடத்தை எடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார் டீன் கிளிமோவ்.

அந்தத் தத்துவம் பிறந்த மாஸ்கோவிலேயே அதை நடத்தாவிட்டால் வேறெங்கே நடத்துவது என்று நினைத்தாள் ரிம்மா.

"ஐயா, தேர்வுக்கு நான் எடிட் பண்ணின படத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. எங்க வகுப்பைப் பத்தினதுதான்," என்றான் அங்கே நின்ற மாணவன் ஸகார்.

திரையில் ரிம்மா பேசினாள். "மோன்டாஜ்னா இதுதான்: ஒரு காட்சியோட இன்னொண்ணை ஒட்டினா, ரெண்டுலயும் இல்லாத அர்த்தம் பிறக்கும்."

உடனே கிட்டத்தில் ஒரு முகம். மாணவி தாஸ்யா நகத்தைக் கடித்தாள். ரிம்மா பலகையில் கோடு போட்டாள். தடியன் யெகோர் கண்ணீர் விட்டான். ரிம்மா சாக்பீஸைக் கீழே வைத்தாள். அத்தனை பேரும் ஆனந்தக் கூச்சல் போட்டார்கள்.

டீன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் பாடத்துக்கு ஒருத்தனும் அழுததில்லை. நீங்களே தொடர்ந்து நடத்துங்க!"

அவர் போனதும் ரிம்மா திரும்பினாள். "ஏண்டா ஸகார், நான் பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போதா இதெல்லாம் நடந்துச்சு?"

ஸகார் தலையைச் சொறிந்தான். "இல்லை ரிம்மா லவோவ்னா. அந்த முகமெல்லாம் ஹாஸ்டல்ல ஹாக்கி ஃபைனல் பார்த்தப்போ எடுத்தது. வகுப்புல எடுத்ததுல எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க."

ரிம்மா பேனாவைத் திறந்து அவனுக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டாள்.

"தூக்கத்துலயே இவ்வளவு கத்துக்கிட்டிருக்கீங்க. இனிமே தயவுசெஞ்சு யாரும் முழிச்சிடாதீங்க!"